மறக்கடிக்கிற மாதம்

ஒரு குழந்தைக்கு ஊர் முடிவாகிவிட்டால் ஆயாம்மா முதலில் தன் சோப்பை மாற்றுவாள்.

மற்ற நாட்களில் அவளுக்கு மஞ்சள்தான். முகம், கழுத்து, கை என்று தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை ரேகையெல்லாம் மஞ்சளேறிக் கிடக்கும். அவள் புடவையில், அவள் தூக்கிய குழந்தைகளின் சட்டையில், தொட்டில் துணியில் எல்லாம் அந்த வாசனை இருக்கும். ஊர் முடிவான செய்தி வந்த மறுநாள் மஞ்சளை நிறுத்திவிடுவாள். ஆஸ்பத்திரித் தரையின் நெடி அடிக்கிற ஒரு சிவப்பு சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டு வருவாள். அவள் கேட்டுக்குள் நுழையும்போதே சமையல்காரம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "யாருக்கு முடிவாச்சு?" என்று கேட்பாள்.

"மூக்குதாம்மா மொதல்ல மறக்கணும்" என்று ஆயாம்மா எனக்கு விளக்கினாள். "கண்ணு மறந்துடும், காது மறந்துடும். இந்த மூக்கு கீதே, அது லேசுல உடாது."

கள்ளிக்குப்பத்தில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லம் அது. பெயர் வேண்டாம். யாரோ எங்கோ விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் அங்கே வளர்ந்து தத்துப் போவார்கள். பலர் இந்த நாட்டுக்குள்ளேயே போனார்கள், சிலர் கடல் தாண்டிப் போனார்கள். கடல் தாண்டி வருகிற அம்மா அப்பாக்களுக்கும் இல்லத்தில் இருப்பவர்களுக்கும் நடுவில் நின்று பேசுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் கோவில்பட்டிக்காரி. கணவருக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. பகலெல்லாம் ஃபிளாட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு, இங்கிலீஷ் எம்.ஏ. படித்த ஒரே தகுதியால் அந்த வேலை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டுக்காரர்களின் இங்கிலீஷ் புரிந்த அளவுக்குக்கூட ஆயாம்மாவின் தமிழ் எனக்கு முதலில் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டாள். ஏதோ திட்டுகிறாள் என்று நினைத்து, இல்லத்தை நடத்திய மேடத்திடம் போய் நின்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் புகார் கொடுக்க வந்தவள் என்று இல்லம் முழுக்க என்னை ஒரு மாதம் ஓட்டினார்கள்.

அவளுக்கு ஒரு முறை இருந்தது. அதை அவள் மறக்கடிக்கிறது என்பாள். "பாலு மறக்கடிக்க மார்ல வேப்பெண்ண தடவிக்குவாங்க இல்ல? அதேதான்." முதலில் சோப்பு. பிறகு அந்தக் குழந்தைக்கு மட்டும் சோறு ஊட்டுவதை நிறுத்துவாள். தூங்க வைக்கிற வேலையை வேறு ஆயாவிடம் தள்ளுவாள். கடைசியில் சிரிப்பையும் நிறுத்திவிடுவாள். எல்லாம் சேர்ந்து ஒரு மாதம். புது அம்மா வந்து இறங்கும்போது அந்தக் குழந்தை ஒரு மடிக்கு ஏங்கிக் கிடக்கும். மடியை விரித்தவுடன் போய் ஒட்டிக்கொள்ளும். நானே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அன்னியர் கையில் ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் போய்விடுவார்கள். கார் கிளம்புகிற நேரத்தில் ஆயாம்மா கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். மேடம் இதையெல்லாம் பெரிய சாமர்த்தியம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கிருந்து பிடித்தாள் இந்த முறையை என்று ஒருநாள் கேட்டேன். அவள் வேலைக்கு வந்த புதிதில் வளர்த்த ஒரு பையன் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்குப் போனானாம். போன இடத்தில் ஆயா ஆயா என்று கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தானாம். சாப்பிடாமல் கிடந்து ஆஸ்பத்திரிவரை போய்த்தான் தேறினானாம். "நான் ஆச காட்டி அனுப்ச்சேன். அது அங்க போயி சீரழிஞ்சிது. அன்னிக்கி முடிவு பண்ணேன், இனிமே எந்தப் புள்ளயும் என்னியத் தேடக்கூடாது." சொல்லிவிட்டு ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

குழந்தைகளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மண்ணூர்பேட்டையில் அவளுக்கு ஓர் ஒற்றை அறை வீடு, ஒரே மகன். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான், அப்போதும் அவள் மஞ்சளை விடவில்லை. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஆவடியில் தனிக்குடித்தனம் என்று பேசி முடித்த வாரமே அவனுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள். "கடையில துன்னுடா, பழகிக்கோ" என்றாளாம். அவன் முறைத்துக்கொண்டு போனவன்தான். பொங்கலுக்கு ஒருமுறை வந்து, வாசலில் நின்றபடியே புடவையைக் கொடுத்துவிட்டுப் போகிறானாம். அடுத்த வீட்டுக் கதை மாதிரி இதைச் சொல்வாள். கேட்கிற எனக்கு எரிச்சலாக வரும்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. பதினொரு மணி வாக்கில் எனக்கென்று ஒரு டம்ளர் டீயை மூடி வைத்திருப்பாள். கணவருக்கு ஹைதராபாத் மாற்றல் வரலாம் என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுநாள் டம்ளரைக் காணோம்.

"ஆயாம்மா, என் டீ எங்க?"

"நீதான் ஐதராபாத்து போறியாமே."

"இன்னும் முடிவாகலையே!"

"போவலன்னு முடிவாவட்டும், தரேன்."

ஹைதராபாத் கை நழுவியதில் கணவருக்கு மூன்று நாள் துக்கம். எனக்கு டீ திரும்பி வந்தது. நான் சிரித்தேன். ஆனால் இந்தப் பொம்பிளை என்னையும் இத்தனை சுலபமாக வெட்டிவிடுவாளா என்று உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது உண்மை.

இனி பவித்ரா.

பிறந்து சில நாட்களில் வந்து சேர்ந்த குழந்தை அவள். மேலுதடு பிளந்து மூக்குவரை போயிருந்தது. அண்ணத்திலும் பிளவு. உறிஞ்சிக் குடிக்க முடியாது, பால் மூக்கு வழியாக வந்துவிடும். ஆயாம்மா அவளை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையால் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் உயிரைப் பிடித்து வைத்தாள். இரண்டு ஆப்பரேஷன் நடந்தது. உதடு சேர்ந்தது, தழும்பு நின்றுவிட்டது. பேச்சு கொஞ்சம் மூக்கால் வரும். பிள்ளை வேண்டும் என்று வந்த நம் ஊர்த் தம்பதிகள் அவளைப் பார்ப்பார்கள், கன்னத்தைத் தட்டுவார்கள், அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவார்கள். ஆயாம்மா தானே எடுத்து வளர்க்கிறேன் என்று ஒருமுறை மேடத்திடம் கேட்டிருக்கிறாள். வயது தாண்டிவிட்டது, சட்டம் விடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பவித்ராவுக்கு மூன்றரை வயது நடக்கும்போது இத்தாலியிலிருந்து லாரா, மார்க்கோ என்ற தம்பதி அவளைத் தத்தெடுக்கச் சம்மதித்தார்கள். தங்கள் போட்டோக்களை ஆல்பமாக ஒட்டி அனுப்பியிருந்தார்கள். வீடு, பனி, ஒரு பழுப்பு நாய். பவித்ரா அந்த நாய்க்கு மணி என்று பெயர் வைத்தாள். மறுநாள் காலை ஆயாம்மா சிவப்பு சோப்பு வாடையோடு வந்தாள்.

ஆனால் தேதி தள்ளிப்போனது. ஏதோ ஓர் அனுமதி வரவில்லை, வந்தபோது வேறொன்று காலாவதியாகியிருந்தது. இரண்டு முறை டிக்கெட் போட்டு ரத்து செய்தார்கள். மார்கழியில் வர வேண்டியவர்கள் கத்திரி வெயிலில்தான் வந்தார்கள். அத்தனை மாதமும் ஆயாம்மா மறக்கடித்துக்கொண்டே இருந்தாள். பவித்ரா துவைக்கிற கல்லுக்கு அருகே வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆயாம்மா திரும்பாமலே முந்தானையை உருவிக்கொள்வாள். குழந்தை மறுபடியும் பிடிக்கும், இவள் மறுபடியும் உருவுவாள்.

"தேதிதான் தள்ளிப்போச்சே ஆயாம்மா, கொஞ்ச நாள் பேசக்கூடாதா?" என்றேன்.

"ஆச காட்டிட்டு மறுபடியும் நிறுத்தணும். புள்ளைக்கி ரெண்டு தபா வலிக்கும். வேணாம்."

ஒருநாள் பவித்ரா துவைக்கிற கல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். ஆயாம்மா துணியை அடித்துக்கொண்டே இருந்தாள்.

லாராவும் மார்க்கோவும் வந்த முதல் நாள் இல்லமே கூடி நின்றது. லாரா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள். பவித்ரா நின்ற இடத்திலேயே நின்றாள். "போம்மா" என்று மேடம் சொன்னதும் நடந்து போனாள். லாரா தூக்கியபோது மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கின. கழுத்தைக் கட்டவில்லை. இறக்கிவிட்டதும் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். பிஸ்கட் கொடுத்தால் வாங்கினாள், சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். காது சரியாகக் கேட்கிறதா என்று டாக்டர் பார்த்தார், கேட்கிறது என்றார். மார்க்கோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் குழந்தை எப்போதும் இப்படித்தானா, எங்களிடம் எதையாவது மறைத்துவிட்டார்களா என்று கேட்டார். லாரா ஹாலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் எப்போது கிளம்புவேன் என்று காத்திருப்பதுபோல என்னைப் பார்க்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னால் இவளுக்கு அம்மாவாக முடியாது என்று தோன்றுகிறது" என்றாள். நான் அதை மேடத்துக்குத் தமிழில் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு வந்து முடிவைச் சொல்கிறோம் என்று அவர்கள் ஹோட்டலுக்குப் போனார்கள்.

முடிவு என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் வேண்டாம் என்றால், ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். தழும்போடு, நாலு வயதைத் தொட்டுவிட்டவளைத் தேடி இன்னொருத்தர் வரப்போவதில்லை. பெரிய பிள்ளைகளின் விடுதியில் கொண்டுபோய் விட வேண்டியதுதான்.

மேடம் ஆயாம்மாவை அறைக்குள் கூப்பிட்டார். நானும் இருந்தேன். நின்றவளை உட்காரச் சொல்லவில்லை.

"உண்மையைச் சொல்லு. போகாதேன்னு குழந்தைக்குச் சொல்லிக் குடுத்தியா? நீதானே அவளைத் தத்துக் கேட்டே?"

"நானா? நான் அவகிட்ட பேசியே மாசக்கணக்காவுது மேடம்."

"என்னது?"

"பேசறது இல்ல. தூக்கறது இல்ல. மூஞ்சிய பாக்கறது இல்ல. கூப்ட்டா திரும்பறது இல்ல. அவ போவணும்னுதான மேடம் அப்டி கெடந்தேன்?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"குழந்தைக்காகன்னு சொல்லாதீங்க ஆயாம்மா. அவளுக்கு வலிக்கக் கூடாதுன்னா செஞ்சீங்க? உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு செஞ்சீங்க. மகனுக்கும் அதையேதான் செஞ்சீங்க. எவ்வளவு நேசிச்சாலும் ஒருநாள் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்கன்னு அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்தியிருக்கீங்க. அப்புறம் அது யார் கழுத்தைக் கட்டும்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஷேர் ஆட்டோவுக்கு நிற்காமல் வெயிலில் நடந்தே போவதை ஜன்னலில் பார்த்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கு வர வேண்டியவள் வரவில்லை. ஒன்பது ஆனது. வேலையை விட்டுவிட்டாள் என்று சமையல்காரம்மா முடிவே கட்டிவிட்டாள். ஒன்பதரைக்கு கேட் சத்தம் கேட்டது. ஆயாம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். முகமெல்லாம் மஞ்சள்.

யாரையும் பார்க்காமல் நேராகப் போய், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற இடத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "பவிய இட்டுகினு வா" என்றாள் என்னிடம்.

பவித்ரா வந்தாள். வாசற்படியில் நின்றுவிட்டாள். ஆயாம்மா கையை நீட்டியதும் ஓரடி பின்னால் போனாள். அந்த ஓரடியைப் பார்த்து ஆயாம்மாவின் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"பவி. ஆயாவுக்கு உம்மேல கோவம் இல்லடி. நீ ஒண்ணும் பண்ல. நீ போயிடுவியேன்னு ஆயாவுக்கு பயம். அதான் மூஞ்சிய திருப்பிகினேன். தப்பு ஆயா மேலதான்."

குழந்தை அசையவில்லை.

"அடிக்கிறியா? வந்து அடி. வா."

பவித்ரா மெல்ல வந்தாள். அங்கே கிடந்த பிளாஸ்டிக் மக்கை எடுத்தாள். ஆயாம்மாவின் தோளில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். அடித்துக்கொண்டே அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பல மாதமாக அந்தக் குழந்தையிடம் நாங்கள் கேட்காத சத்தம். மக்கை வீசிவிட்டுக் கைகளாலேயே அடித்தாள், முடியைப் பிடித்து இழுத்தாள். ஆயாம்மா தடுக்கவில்லை. கண்ணீர் மட்டும் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் லாராவும் மார்க்கோவும் உள்ளே வந்தார்கள். பத்துகூட ஆகவில்லை. மார்க்கோ பதறிப்போய் என்ன நடக்கிறது என்று கேட்டார். மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. இதோடு முடிந்தது கதை என்று நானும் நினைத்தேன்.

லாரா என்னிடம் கேட்டாள், "இவர் யார்?"

பிறந்ததிலிருந்து வளர்த்தவர் என்றேன். இதுவரை அவர்கள் கண்ணிலேயே படாமல் கொல்லைப்பக்கம் இருந்தவர் என்றும் சொன்னேன். லாரா செருப்பைக் கழற்றிவிட்டு, போட்டிருந்த நல்ல உடுப்போடு அந்த ஈரத் தரையில் போய் உட்கார்ந்தாள். ஆயாம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு லாராவின் கையை எடுத்து, விம்மிக்கொண்டிருந்த பவித்ராவின் முதுகில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா அவகிட்ட" என்றாள் என்னிடம். "புள்ளகிட்ட குத்தம் இல்ல. நான் கெடுத்தேன், நானே சரி பண்ணி தரேன். ரவ நாளு இருக்க சொல்லு."

அத்தனையையும் சொல்லி, இன்னும் சில நாள் தங்கச் சொல்கிறார் என்றேன். லாரா மார்க்கோவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போனை எடுத்து டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்க வெளியே போனார்.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவர்கள் தினமும் வந்தார்கள். ஆயாம்மா மறைந்துகொள்ளவில்லை. பவித்ராவை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் லாராவும் குளிப்பாட்டினார்கள். ஒரு கவளம் இவள் ஊட்டினால் அடுத்தது லாரா. முதல் இரண்டு நாள் லாராவின் கவளத்தைப் பவித்ரா துப்பினாள். "துப்பட்டும், குடு" என்பாள் ஆயாம்மா. கோழி மாதிரி சாதத்தைக் கொத்துகிறாள் என்று லாராவைத் திட்டி, விரலைப் பிடித்துப் பிசைய வைத்தாள். திட்டை நான் மொழிபெயர்க்கவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மார்க்கோ தன் நாயைப்போல நாலு காலில் ஹாலைச் சுற்றி வந்தபோது, பவித்ரா "மணி!" என்று கத்திக்கொண்டு அவர் முதுகில் ஏறினாள். மேடம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார் என்று சமையல்காரம்மா சொன்னாள்.

கிளம்புகிற நாள் மாலை. வாடகைக் கார் கேட்டுக்கு வெளியே நின்றது. ஆயாம்மா பவித்ராவைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. காரில் ஏறி உட்கார்ந்த லாராவிடம் குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கையை எடுத்ததும் பவித்ராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஆயாம்மா!" என்று வீறிட்டாள். ஒரு கையால் லாராவின் தோள்பட்டைத் துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையை வெளியே நீட்டிக் கதறினாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். லாரா கலங்கிப்போய், இறங்கவா, இன்னும் ஒரு நாள் இருக்கவா என்று என்னைக் கேட்டாள். நான் ஆயாம்மாவைக் கேட்டேன்.

"எறங்க வேணாம். அழட்டும். அவ தோள புட்ச்சிகினுதான அழுவுறா? போவ சொல்லு."

நான் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் ஆயாம்மா, குழந்தை நீட்டிய அந்தக் கையை முத்தமிட்டு, மெதுவாக உள்ளே மடக்கி வைத்து, கார்க் கதவைத் தானே சாத்தினாள். கார் தெருமுனையில் திரும்பும்வரை குழந்தையின் அழுகை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ஆயாம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"எம்மா" என்றாள். "இன்னாம்மா இது, இப்டி வலிக்குது?"

எத்தனையோ குழந்தைகளை அனுப்பியவள் அதை என்னிடம் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.